வெயில் தாங்கும் உண்ணிச்செடி: தொட்டியில் பட்டினி போடலாமா?

வெட்டவெளி_மாடி

காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை நிழலே விழாத மொட்டைமாடி. மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் ஆறு தொட்டி, கீழே நடைபாதையின் இரண்டு பக்கமும் தரையில் ஒரு வரிசை. எல்லாமே லாண்டானா என்ற பெயரில் நாற்றுப்பண்ணைகளில் விற்கிற உண்ணிச்செடி. இதுதான் திட்டம். "தண்ணீரைக் குறை, உரம் வேண்டாம், பட்டினி போட்டால்தான் பூக்கும்" என்றே எங்கும் எழுதியிருக்கிறது. தரைக்குச் சொன்னது தொட்டிக்கும் பொருந்துமா? மண் கலவை, தொட்டி அளவு, தண்ணீர்க் கணக்கு எல்லாம் அளவோடு வேண்டும். "தேவையான அளவு" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், ப்ளீஸ்.

சரளைமண்

பொருந்தும். வெயிலைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

வாடிச் செத்த உண்ணிச்செடியைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று வரும், நடுநரம்பு மட்டும் நூல் மாதிரி நிற்கும். அது தண்ணீர் செய்த வேலை. வெயில் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது.

தரையில்: குழி வேர்ப்பந்தைப் (வேரும் அதைப் பிடித்திருக்கும் மண்ணும்) போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்ப்பந்தின் அளவே. தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழி நிறைய எருவைக் கொட்டினால் வேர் அந்தக் குழியைவிட்டு வெளியே போகாது. ஒட்டும் களிமண் என்றால் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி அதன்மேல் நடுங்கள். முதல் ஆறு முதல் எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை வேர்ப்பந்து முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். அதற்குப் பிறகு மழையே இல்லாத காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, மண் 15 செ.மீ. ஆழம் நனைந்தால் போதும். குட்டை வகைக்கு 45 முதல் 60 செ.மீ. இடைவெளி, நிமிர்ந்து வளரும் வகைக்கு 90 முதல் 120. நெருக்கி நட்டால் காற்றோட்டம் இல்லாமல் சாம்பல் நோய் வரும்.

தொட்டியில்: தோட்டமண் 2 பங்கு, 2 முதல் 4 மி.மீ. பருமனுள்ள கரட்டு மணல் அல்லது பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல் துகள்) 2 பங்கு, நன்றாக மக்கிய உரம் 1 பங்கு. மேலே 5 செ.மீ. காய்ந்த பிறகே தண்ணீர். உரம் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை கரும்பச்சையாகும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், பூ குறையும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக வெயில் விழுந்தாலும் இதே கதைதான். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தொட்டிக்கணக்கு

தரையைப் பற்றிச் சரளைமண் சார் எழுதியதில் எனக்குச் சண்டை இல்லை. தொட்டிப் பத்தியை அப்படியே பின்பற்றினால் மட்டும் கோடையின் நடுவில் பூ நின்று, அடி இலை உதிர்ந்து, குச்சிதான் மிஞ்சும்.

இந்தச் செடியின் வெயில் தாங்கும் சக்தியில் பெரும்பங்கு வேர் ஓடுகிற இடத்தில் இருக்கிறது. தரையில் மேல்மண் சுட்டால் வேர் கீழே ஈரத்தைத் தேடிப் போகும். தொட்டியில் போக இடமில்லை. மேற்கு வெயில் நேராக அடிக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், அந்தப் பக்கத்து மண் 45, 50 டிகிரி செல்சியஸைத் தொடும். 38, 40 டிகிரியிலேயே பெரும்பாலான செடிகளின் வேர் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலே போனால் நுனிவேர் வெந்து சாகும். இப்படி அடிபட்ட செடியைத் தொட்டியிலிருந்து உருவினால் ஒரு பக்கம் வெள்ளை வேர்ப் பின்னல் இருக்கும், வெயில் பட்ட பக்கத்தில் வெறும் மண் உதிரும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. 12 அங்குலத் தொட்டியில் சுமார் 15 லிட்டர் கலவை பிடிக்கும். நீங்கள் சொன்ன கரட்டுக் கலவையில் செடி உறிஞ்சக்கூடிய நீர் இரண்டு லிட்டர் தேறினால் பெரிது. நன்றாகப் படர்ந்த செடி உச்சக் கோடையில், காற்றும் அடிக்கிற மாடியில், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் இழுத்துவிடும். "5 செ.மீ. காயட்டும்" என்று காத்திருந்தால் மறுநாள் மதியத்துக்குள் கையிருப்பு முடிந்துவிடும். உண்ணிச்செடி அதற்காகச் சாகாது. மொட்டை உதிர்த்து உயிரை வைத்துக்கொள்ளும். பூவுக்காக வைத்த செடியில் பூ இல்லையென்றால் அது பிழைத்து என்ன பயன்?

மாடிக்கு நான் சொல்வது: 12 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி. வெள்ளை அல்லது வெளிர் நிறம். கறுப்புத் தொட்டிதான் கையில் இருக்கிறது என்றால் அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சுவரில் ஒட்டாமல் ஒரு அடி தள்ளி, தளத்திலிருந்து செங்கல் உயரம் தூக்கி வையுங்கள். ஆறு தொட்டியையும் நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் அடுத்ததன் பக்கச் சுவரில் விழும். கலவை: தோட்டமண் 2, மக்கிய உரம் 1, ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவு 1, பெர்லைட் அல்லது கரட்டு மணல் 1. உச்சக் கோடையில் தினமும் காலையில், அடித்துளையில் சிறிது வழியும்வரை தண்ணீர்.

சரளைமண்

//உச்சக் கோடையில் தினமும் காலையில்//

இந்த ஒரு வரிதான் ஆபத்து. படிப்பவர் "தினமும்" என்பதை மட்டும் பிடித்துக்கொள்வார். நாலு நாள் மேகமூட்டமாக இருந்தாலும் பூவாளியோடு நிற்பார்.

மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். இலை வழியாகப் போகும் நீரை வேர் ஈடுகட்ட முடியாத நேரம் அது, மண்ணில் ஈரம் இருந்தாலும் தொங்கும். வெயில் இறங்கி ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலை ஆறு மணிக்கும் தொங்கியே இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் விரலை விடுங்கள். மண் காய்ந்திருந்தால் தண்ணீர். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது.

உங்கள் தென்னைநார் யோசனையும் எனக்கு ஒப்பாது. ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் கலவை சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகும். ஊற்றியது தொட்டிச் சுவரோரமாகவே ஓடி அடியில் வழியும். வளர்ப்பவர் "வழிந்துவிட்டது" என்று நம்பிப் போவார், நடுவில் வேர்ப்பந்து தூளாக இருக்கும். பிளாஸ்டிக்கைவிட மண்தொட்டி மேல். சுவர் வழியாக ஈரம் ஆவியாவதால் தொட்டியே தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். அதிக ஈரமும் தங்காது.

தொட்டிக்கணக்கு

மண்தொட்டி குளிரும், சரி. அந்தக் குளிர்ச்சிக்குச் செலவாகும் தண்ணீரும் செடியின் கணக்கிலிருந்துதான் போகிறது. கரட்டுக் கலவை, மண்தொட்டி, "5 செ.மீ. காயட்டும்" என்ற விதி. மூன்றையும் சேர்த்தால் அந்தச் செடி கோடை முழுக்கப் பாதி மயக்கத்தில்தான் இருக்கும். மண்தொட்டி வைப்பவர் என் கலவையைப் போடட்டும். பிளாஸ்டிக் வைப்பவர் உங்கள் கலவையைப் போடட்டும். இரண்டையும் குறுக்கே மாற்றினால் ஒன்று காயும், ஒன்று அழுகும்.

தென்னைநார் ஐந்தில் ஒரு பங்குதான் சொன்னேன். தப்பித் தவறிக் காய்ந்துவிட்டால், தொட்டியின் பாதி உயரம் மூழ்கும்படி ஒரு வாளியில் அரை மணி நேரம் வையுங்கள். குமிழி நின்றதும் எடுத்து வடிய விடுங்கள்.

"தினமும்" என்பதில் பயம் இருந்தால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு ஒருமுறை, இலை தொங்கும் நிலையில் ஒருமுறை சாய்த்துத் தூக்கினால் கைக்கு எடை பழகிவிடும். விரலைவிட நம்பகமானது. விரல் மேல் 5 செ.மீ. பற்றித்தான் சொல்லும்.

பூவிரும்பி

நடுவில் வருகிறேன். தொட்டி அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் நீர் வடிந்துவிடுமே, இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? மாதம் ஒருமுறை எப்சம் உப்பு போட்டால் மஞ்சள் பூ சிவப்பாகவும் மாறுமாம்.

சரளைமண்

ஜல்லி வேண்டாம். பொடிமண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி நனைந்தே நிற்கும், அந்த நனைந்த பகுதியை இரண்டு அங்குலம் மேலே தூக்கி வைத்ததுதான் மிச்சம். துளையில் ஒரு வலைத் துண்டு போதும், மண் கொட்டாமல் இருப்பதற்கு.

பூ நிறம் உப்பால் மாறுவதில்லை. பல வகைகளில் மொட்டு மஞ்சளாக விரிந்து, வயதாக ஆக ஆரஞ்சு, சிவப்பு அல்லது இளஞ்சிவப்பாகும். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்பும் இருப்பது அதனால்தான். தேன் இருப்பது மஞ்சளில், பட்டாம்பூச்சியும் அதைத்தான் தேடிப் போகும்.

தொட்டிக்கணக்கு

இந்தப் பதிவில் மட்டும் நானும் சரளைமண் சாரும் ஒரே கட்சி. :)

விதைக்காவல்

தொட்டி, கலவை என்று எல்லாம் பேசியாகிவிட்டது. எந்த வகை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டவர் தரையில் ஒரு வரிசை வைக்கப்போகிறார்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து அழகுச்செடியாகக் கப்பலேறிய லாண்டானா கமாரா, இன்று உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அது தேசிய அளவில் அறிவிக்கப்பட்ட களை. பழம் பச்சையிலிருந்து கருநீலமாகக் கனிந்ததும் பறவைகள் தின்று விதையைத் தூரத்தில் போடும். "என் வேலிக்குள்தான் இருக்கிறது" என்ற பேச்சு செல்லாது.

ஆடுமாடு மேயும் இடமென்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இலையில் உள்ள லாண்டடீன் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும். பித்தம் வெளியேறாமல், வெயில் பட்ட தோல் வெந்து உரியும். பச்சைக்காய் குழந்தைகளுக்கும் ஆகாது.

நடைபாதை ஓரத்துக்கு வேறு செடி பாருங்கள். தொட்டியில் வைக்கலாம், அதுவும் காய் பிடிக்காத வகை மட்டும்.

சரளைமண்

காட்டுவகையை யாரும் நாற்றுப்பண்ணையில் வாங்குவதில்லை. விற்பது கலப்பினங்கள். நியூ கோல்ட் மாதிரி காய் பிடிக்காத வகைகள் எத்தனையோ ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஊதாப் பூ வேண்டுமென்றால் படரும் வகையான மான்டிவிடென்சிஸ் இருக்கிறது, முள்ளும் கிடையாது, முழங்கால் உயரம்கூட வளராது. பாதையோரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

விதைக்காவல்

படரும் வகை பாவம் அறியாதது என்ற நினைப்பா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அதுவும் களைதான். அங்கே எந்த லாண்டானாவையும் விற்பதும் இலவசமாகக் கொடுப்பதும் சட்டப்படி தடை. உங்கள் பகுதியில் என்ன விதி என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். சில இடங்களில் தொட்டிக்கும் அனுமதி இல்லை.

"காய் பிடிக்காத வகை" என்ற அட்டையையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அவை மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட மும்மய வகைகள். அதனால் விதை குறையும், சில வகைகளில் முழுக்க நிற்காது. தான் காய்க்காவிட்டாலும் அதன் மகரந்தம் வேலை செய்தால் பக்கத்திலிருக்கும் காட்டுச்செடியில் போய்க் கலக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லாண்டானா டிப்ரெசா என்ற உள்ளூர் இனமே இப்படிக் கலந்து அழியும் நிலைக்கு வந்துவிட்டது. அதனால்தான் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் விதை, மகரந்தம் இரண்டையும் சோதித்து புளூமிஃபை என்ற வரிசையை உருவாக்கினார்கள். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: காய்க்குமா, மகரந்தம் உயிருள்ளதா? இரண்டாவது கேள்விக்கு விற்பவர் விழித்தால் அந்தச் செடி தரைக்கு வேண்டாம்.

இன்னொன்று. விதை இல்லாவிட்டாலும் தரையைத் தொட்ட கிளை கணுவில் வேர் விடும். வெட்டிய கிளையைப் பச்சையாகக் குப்பைமேட்டில் எறிந்தால் அங்கேயும் பிழைக்கும்.

சரளைமண்

கிளை வேர் விடும் என்பதற்காகச் செடியே வேண்டாம் என்றால் பாதித் தோட்டத்தைப் பிடுங்க வேண்டியதுதான். வருடம் இருமுறை ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு கோடு இழுத்தால் படர்ந்த கிளை அறுந்துவிடும். வெட்டியதை வெயிலில் சருகாக்கிவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம். மூடாக்காக மட்டும் போடாதீர்கள், அந்த இலைச்சாறு மற்ற விதைகளின் முளைப்பை அடக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். தண்டில் முள்ளும் இலையில் சொரசொரப்பும் சிலருக்கு அரிப்பை உண்டாக்கும்.

தொட்டிக்கணக்கு

காய் விஷயத்தில் விதைக்காவல் பக்கம்தான் நான், வேறொரு காரணத்துக்காக. காய் பிடிக்கிற செடி பூவைக் குறைக்கும். கொத்து உதிர்ந்ததும் பச்சை மணிகள் தெரிந்தால், அவை கருக்கும் முன்பே அந்தக் கிளையை இரண்டு கணு கீழே வெட்டுங்கள். விதையும் பரவாது, பூவும் திரும்பும். தொட்டியில் இது ஐந்து நிமிட வேலை. தரையில் ஒரு வரிசை முழுக்கத் தேடுவது நடக்கிற காரியமில்லை.

பூ புதுத்தளிரின் இலைக்கக்கத்தில்தான் வரும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செடி முழுக்க மூன்றில் ஒரு பங்கு கவாத்து. மூன்று நாலு வாரத்தில் மறுபடி நிறையப் பூக்கும். ஆறு தொட்டியையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு மாடி மொட்டையாகிவிட்டது என்று புலம்ப வேண்டாம். மூன்று மூன்றாக, மூன்று வாரம் தள்ளி வெட்டுங்கள்.

இனி உரம். //வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம்// என்றார் சார். தரைக்கு அதுவே அதிகம். தொட்டியில் தினமும் ஊற்றி வழியவிடும்போது நைட்ரேட்டும் கரைந்து வெளியே போகிறது. அடி இலையிலிருந்து வெளிர்மஞ்சளாகி, பூங்கொத்து சிறுத்து வருவது அதனால். 19-19-19 (தழை, மணி, சாம்பல் சத்து தலா 19 சதவீதம்) கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் போட்டால் அந்தத் தண்ணீரில் 190 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொட்டிக்கு ஒன்றரை லிட்டர், ஈரமண்ணில் மட்டும். இதனால் எந்தச் செடியும் இலையாகப் பெருகாது. கரைத்து ஊற்றச் சோம்பல் என்றால் மெதுவாகக் கரையும் 14-14-14 குருணை, லிட்டர் கலவைக்கு 2 கிராம், அதாவது தொட்டிக்கு 30 கிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

சரளைமண்

குருணைக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. பொட்டலத்தில் "3 மாதம்" என்று அச்சிடுவது மண் வெப்பம் சுமார் 21 டிகிரி இருந்தால் என்ற கணக்கில். வெப்பம் ஏற ஏற மேலுறை வழியாக உரம் வேகமாகக் கசியும். உங்கள் தொட்டி 45 டிகிரி என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். 30 கிராமும் பாதிக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும், அதுவும் வேர் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் நேரத்தில். இலை ஓரம் கருகுவதைப் பார்த்துவிட்டு "வெயிலுக்குக் கருகிவிட்டது" என்பார்கள்.

தொட்டிக்கணக்கு

நியாயமான பாயிண்ட். கோடையில் 15 கிராம், ஆறு வாரம் கழித்து இன்னொரு 15. மேலே தூவாமல் 3 செ.மீ. மண்ணுக்குள் புதையுங்கள். வெயில் நேரடியாகப் படும் குருணைதான் முதலில் கசியும். பட்டினி போடுவதற்கு இது ஆதரவல்ல, சார்!

இலையடி

பூச்சி பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். பூ நின்றதும் எல்லோரும் உரம், தண்ணீர் என்று பார்க்கிறார்கள், இலையைத் திருப்புவதில்லை.

இலையின் மேற்புறம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறி, அடிப்புறம் பளபளவென்று கரும்புள்ளிகள் இருந்தால் அது லேஸ் பக் என்னும் வலையிறக்கைப் பூச்சி. புள்ளிகள் அதன் எச்சம். உச்சக் கோடையில்தான் பெருகும், இளந்தளிரையும் மொட்டையும் உறிஞ்சும். விதைக்காவலுக்கு ஒரு செய்தி: ஹவாய்த் தீவுகளில் உண்ணிச்செடியை அடக்க 1902-இல் மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இதுவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுங்கள். அதன்பின் பூச்சி விரட்டும் சோப்பு லிட்டருக்கு 5 மி.லி., ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தடவை, இலையடியில் மட்டும். சூரியன் சாய்ந்த பிறகு தெளியுங்கள். 32 டிகிரிக்கு மேல் தெளித்தால் சோப்பே இலையைச் சுடும்.

மொட்டு வரவேண்டிய இடத்தில் சுருண்ட பச்சை இலைகள் காலிஃபிளவர் மாதிரி கொத்தாக வந்தால் அது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன். தெளித்துப் பயனில்லை, கொத்துக்குக் கீழே இரண்டு கணுவோடு வெட்டிப் பைக்குள் கட்டி எறியுங்கள். மீண்டும் வராமலிருக்க நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், அதுவும் 32 டிகிரிக்குக் கீழ் இருக்கும் நாளில். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது.

பூவிரும்பி

இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தை ஒருமுறை மண்ணில் ஊற்றினால் எல்லாப் பூச்சியும் போய்விடுமே. ஏன் இத்தனை தடவை தெளிக்க வேண்டும்?

இலையடி

வேர் உறிஞ்சி, இலைக்குப் போகும் மருந்து பூவின் தேனுக்கும் போகும். பட்டாம்பூச்சிக்கும் தேனீக்கும் தேன் கொடுக்கிற செடி இது. அவை வரட்டும் என்றுதான் பாதிப்பேர் இதை வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

வெட்டவெளி_மாடி

நிறைய விஷயம். நன்றி. நடைபாதைத் திட்டத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன், ஆறு தொட்டி மட்டும். ஒரு சந்தேகம் மிச்சம்: இங்கே தண்ணீர் உப்பு, துணி வெளுத்தால் சோப்பு நுரைக்காது. அதைத் தினமும் ஊற்றினால் என்ன ஆகும்?

சரளைமண்

அப்படியானால் என் கட்சிக்கு வந்துவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பும் குறையும். ஓரளவு உப்பைத் தாங்குகிற செடிதான் இது, கடலோரத்திலும் நன்றாக வரும்.

தொட்டிக்கணக்கு

நேர்மாறு. கொஞ்சம் கொஞ்சமாக, வழியாமல் ஊற்றினால்தான் உப்பு தொட்டியிலேயே தங்கும். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு கட்டும். கீழே வைத்த தட்டில் நிற்கும் நீரை மண் திரும்ப உறிஞ்சினாலும் அதேதான், தட்டை உடனே காலி செய்யுங்கள். கோடையில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தொட்டிக் கொள்ளளவின் இரு மடங்கு, அதாவது சுமார் 30 லிட்டர், மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். சேமித்த மழைநீர் இருந்தால் அதற்கே செலவழியுங்கள். கழுவிய மறுவாரம் கரையும் உரம் ஒருமுறை.

உப்பைவிடக் கடினநீரில் வரும் பெரிய தொல்லை இரும்புச்சத்து பூட்டிக்கொள்வது. மண்ணின் கார அமில நிலை 7-ஐத் தாண்டினால் நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அடி இலையில் மஞ்சள் என்றால் தழைச்சத்து, நுனி இலையில் என்றால் இரும்பு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடைக்காரர் இ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பைக் கொடுப்பார், அது அந்த நிலையில் சரியாக வேலை செய்யாது. இ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) என்று அச்சிட்டதைக் கேளுங்கள். பொட்டலத்தில் உள்ள அளவில் பாதியைக் கரைத்து மண்ணில் ஊற்றினால் போதும். பழைய மஞ்சள் இலை திரும்பாது, புதிதாக வரும் இலை பச்சையாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விதைக்காவல்

நடைபாதையை விட்டதற்கு நன்றி. போத்து வைத்துப் பெருக்குவதானால் காய்க்காத வகையிலிருந்து மட்டும் எடுங்கள். 8 முதல் 10 செ.மீ. நீளம், பூவில்லாத நடுமுற்றல் தண்டு, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரமணலில். மூன்று நாலு வாரத்தில் வேர் வரும். விதை போட்டு முளைக்க வைக்காதீர்கள். கலப்பினத்தின் விதையில் தாய்ச்செடி வராது, காய்க்கிற எதுவோதான் வரும்.

சரளைமண்

ஆறு தொட்டிதானே, ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றை என் முறைப்படி, மூன்றை தொட்டிக்கணக்கு முறைப்படி. ஒரே வகை, ஒரே அளவுத் தொட்டி, ஒரே வரிசை. கோடை முடியட்டும், பேசுவோம்.

தொட்டிக்கணக்கு

தயார். வரிசையின் மேற்கு ஓரத்தில் இருவருடையதிலும் ஒவ்வொன்று நிற்கட்டும். எல்லா வெயிலும் என் தொட்டிமேலேயே விழக் கூடாது.

வருடம் முடிந்ததும் ஆறையும் உருவிப் பார்க்க வேண்டும். தொட்டிச் சுவரோரம் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் வெளிப்புறம் 2 செ.மீ. அளவுக்குச் சுற்றிலும் சீவி, மேலே மூன்றில் ஒரு பங்கு வெட்டி, புதுக் கலவையில் திரும்ப வையுங்கள். உறைபனி விழும் ஊராக இருந்தால் கடைசிப் பனி போன பிறகு மட்டும். வைத்த முதல் பத்து நாள் அரைநிழல், உரம் கிடையாது.

வெட்டவெளி_மாடி

சம்மதம். மூன்று மண்தொட்டி, மூன்று வெள்ளைப் பிளாஸ்டிக் என்று வாங்கலாமா?

சரளைமண்

கூடாது! எல்லாம் ஒரே வகைத் தொட்டி. இல்லையென்றால் பூத்தது தொட்டியாலா, தண்ணீராலா என்று இன்னொரு இழை திறக்க வேண்டிவரும்.